மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு

9 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

நல்லாத்தான் இருக்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசி வரி வருவதற்குள் நீ அழுது தாளை நனைத்துவிடுவாய்.

போன் என்னிடம் இல்லை. நான் வந்து இறங்கிய அன்றே மேடத்தின் நாத்தனார் அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை தருவேன் என்றாள். வெள்ளிக்கிழமை வருகிறது, போகிறது. கேட்டால் ஈ ஓட்டுகிற மாதிரி கையை ஆட்டுகிறாள். இந்த வீட்டு டிரைவர் முனீர் பாய் நம்ம வாணியம்பாடிக்காரர். உன் பட்டன் போனில் படம் வராது, அதனால் நான் எழுதுகிற தாளை அவர் போனில் படம் பிடித்து ஜீப் ஓட்டுகிற அருள்மணி அண்ணனுக்கு அனுப்புவார். அண்ணன் திருப்பத்தூர் போகும்போது அச்செடுத்து மலைக்குக் கொண்டுவந்து உன்னிடம் கொடுக்கட்டும். நீயும் அப்படியே எழுதிக் கொடு. வெளியே தெரிந்தால் முனீர் பாய்க்கு வேலை போய்விடும். புதூர்நாடு பூராவும் சொல்லிக்கொண்டு திரியாதே.

எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா? லுல்வா பக்கத்தில். லுல்வா மேடத்தின் மகள். நம்ம கீதாஞ்சலி மாதிரியே ஒண்ணாம் வகுப்பு, அவளை மாதிரியே முன்பல் இல்லை. குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, வீட்டுப்பாடம் எழுதும்போது கூட உட்காருவது, இதுதான் என் வேலை. அவள் எழுதும்போது நானும் எழுதினால் யாரும் கேட்பதில்லை.

எழுதுவது மட்டும் இல்லை, நானும் ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்துவிட்டேன் மாமா. டீச்சர் லுல்வாதான். அரபி எழுத்து வலமிருந்து இடமாகப் போகிறது, அது பழகிவிட்டது. எழுத்து தனியாக நின்றால் அதற்கு வாய் கிடையாது. அதன் மேலே சாய்வாக ஒரு கோடு போட்டால் 'ப'. அதே கோட்டைக் கீழே போட்டால் 'பி'. மேலே சின்னதாக ஒரு சுழி போட்டால் 'பு'. எழுத்து மாறுவதே இல்லை, இந்தப் பொட்டுப் பொடிசுகள்தான் அதைப் பேச வைக்கின்றன. லுல்வா இதற்கு ஃபத்ஹா, கஸ்ரா, தம்மா என்று பெயர் சொல்கிறாள். முனீர் பாயோ ஜபர், ஜேர், பேஷ் என்கிறார். அவருக்கு வாணியம்பாடியில் ஹஜ்ரத் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாராம். நம்ம கொம்பும் காலும் போலத்தானே என்று கேட்டேன். பாய் சிரித்துவிட்டார்.

என் பெயரை எழுதச் சொன்னேன். 'ரே' வரவில்லை. இவர்களிடம் ஏ சத்தத்துக்குக் குறியே இல்லையாம். அதனால் நான் இங்கே ரீனூகா.

இந்த வயதில் எதற்கு இது என்று கேட்பாய். பயத்தில்தான் மாமா. வந்த வாரம் லுல்வாவுக்கு மருந்து எடுத்துவரச் சொன்னார்கள். அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில். ஒன்றை எடுத்துக் கரண்டியில் ஊற்றி அவள் வாய்வரை கொண்டுபோய்விட்டேன். மேடம் ஓடிவந்து தட்டிவிட்டாள். அது காதில் விடுகிற மருந்து. அன்றிலிருந்து என் கை எங்கே போகிறது என்றுதான் இந்த வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள். நாத்தனார் என்னைப் பார்க்கிற பார்வையை உனக்கு எழுதிக்காட்ட எனக்கு வராது.

லுல்வாவும் சரியாகச் சாப்பிடுவதில்லை. இரண்டு வாய்க்கு மேல் போனால் வாந்தி. டாக்டர்கள் ஒன்றும் இல்லை என்கிறார்கள். நான் வருவதற்கு முன்பே இப்படித்தான் என்று பாய் சொல்கிறார். நாத்தனார், நான் வந்த பிறகுதான் என்கிறாள்.

ஊரில் நாலு பேர் முன்னால் உன்னை நீங்க, வாங்க என்பேன். இங்கே யார் பார்க்கிறார்கள்? நீ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

கீதாவுக்குத் தலை வாரும்போது சிக்கு இழுக்காதே.

ரேணு


17 பிப்ரவரி 2025

ரேணு,

கடிதம் கிடைத்தது. தாள் நனையவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

எனக்கு உன்னைப் போல எழுத வராது. கீதா நன்றாக இருக்கிறாள். காந்தா அக்கா வீட்டில் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். சாமை அறுத்தாகிவிட்டது. புளி உலுக்கிக்கொண்டிருக்கிறோம். இந்த வருஷம் காய்ப்பு ஜாஸ்தி.

அந்த எழுத்தெல்லாம் உனக்கு எதற்கு? சொன்ன வேலையைச் செய், தலையைக் குனிந்துகொண்டு இரு. நீ படிக்கப் படிக்க அவர்கள் கண்ணில் விழுவாய். கண்ணில் விழாமல் இருந்தால்தான் நல்லது. ஆந்திராவில் எனக்கு அதுதான் தெரிந்தது.

போக வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன். நீதான், 'மறுபடியும் செம்மரம் வெட்டப் போனா உன் பொணம்தான் வரும், என் பேர்ல கேஸ் இல்ல, நான் போறேன்' என்றாய். எனக்கு கேஸ் இருப்பதால் பாஸ்போர்ட் தரமாட்டார்கள் என்று சொல்லிக்காட்டினாய். அது உண்மைதான். அதற்காக நான் இங்கே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்காதே.

ஆலங்காயத்தில் இருந்து புருஷோத்தமன் என்று ஒருத்தர் நீ இருக்கிற ஊருக்கே வேலைக்குப் போகிறார். அவரிடம் நம்ம புளி கொடுத்து அனுப்புகிறேன். உருண்டை பிடித்துக் கொட்டை எடுத்தது. பெரிய உருண்டை ஒன்றுக்கு மேலே மஞ்சள் நூல் கட்டியிருக்கும். அது உனக்கு மட்டும். கரைக்காதே. யாருக்கும் கொடுக்காதே. படுக்கும்போது தலைமாட்டில் வைத்துக்கொள். ஏன் என்று கேட்காதே.

ஜீவானந்தம்


1 மார்ச் 2025

மாமாவுக்கு,

புளி வந்துவிட்டது! உன் கடிதம் இன்னும் வரவில்லை. முனீர் பாய் லுல்வாவின் அப்பாவை நோன்பு மாதத்துக்கு மெக்காவில் கொண்டுபோய் விடப் போயிருக்கிறார். பாய் திரும்பியதும் இதைக் கொடுக்கிறேன். ஆலங்காயத்துக்காரர் கேட்டில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விட்டார். பிரித்ததும் நம்ம வூட்டு வாசலே வந்துவிட்டது மாமா. அழுதேன். லுல்வா கேட்டாள், 'ரீனூ, தும்மலா?' என்று. ஆமாம் தும்மல்தான் என்றேன்.

இன்று நோன்பு தொடங்கிவிட்டது. சாயங்காலம் நோன்பு திறக்கும்போது இவர்கள் புளித்தண்ணீரில் சர்க்கரை போட்டுக் குடிக்கிறார்கள். நம்ப மாட்டாய். அதற்கு இவர்கள் வைத்திருக்கிற பெயரை லுல்வா எனக்காகக் குறி போட்டு எழுதினாள். தாவுக்கு மேலே கோடு, மீமுக்கு மேலே வட்டம், 'தம்ர்'. ஹாவுக்குக் கீழே கோடு, 'ஹி', அப்புறம் 'ந்தீ'. தம்ர் ஹிந்தீ. நானாகப் படித்த முதல் சொல் நம்ம புளி. இந்தியாக்காரப் பேரீச்சை என்று அர்த்தமாம். இத்தனை நாள் இந்த வீட்டில் நானும் பாயும்தான் இந்தியாவில் இருந்து வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வட்டம் பற்றிச் சொல்லவில்லையே. சுகூன். அது நம்ம மெய்யெழுத்துப் புள்ளியேதான். வாயை அங்கேயே நிறுத்து என்கிறது. எழுத்தின் தலையில் பல் மாதிரி ஒன்று போட்டால் அந்த எழுத்தை அழுத்தி இரண்டு தடவை சொல்ல வேண்டும். லுல்வா தன் அத்தையை அம்மா என்று கூப்பிடுவதை முதல் நாள் கேட்டுக் குழம்பிப் போனேன். இவர்களுக்கு அப்பாவின் தங்கை அம்மாவாம், மீமின் தலையில் அந்தப் பல். தொண்டைக்குள் இருந்து வர வேண்டும் அந்த அ. எனக்கு வராது. வந்தாலும் அந்த அம்மாவை நான் அப்படிக் கூப்பிடப் போவதில்லை.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. இந்தக் குறியெல்லாம் குழந்தைகள் பாடத்திலும் குர்ஆனிலும் மட்டும்தான். கடைப் பலகையில் கிடையாது. மருந்துப் பாட்டிலில் கிடையாது. பெரியவர்கள் குறி இல்லாமலே படித்துவிடுவார்கள். நான் குறி போட்டால் சத்தமாகப் படிப்பேன். குறி இல்லை என்றால் கண்ணிருந்தும் குருடிதான். காதால் கேட்டு எனக்கு நிறையச் சொற்கள் தெரியும். வாய்விட்டுப் படித்தால் என் காது அதைப் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்கு மட்டும் தெரியாது. முனீர் பாயும் அப்படித்தானாம். 'அழகா ஓதுவேன்மா, அர்த்தம் கேட்டா அல்லாவுக்குத்தான் தெரியும்' என்கிறார்.

பெருமையாக ஒரு வேலை செய்தேன். மஞ்சள் நூல் கட்டின பெரிய உருண்டையை மேடத்திடம் கொடுத்தேன். எங்கள் மரத்துப் புளி, நோன்புக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மேடம் முகர்ந்து பார்த்தாள். இங்கே வந்ததில் இருந்து முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

லுல்வா இன்னும் இளைத்துவிட்டாள். தூக்கினால் கோழிக்குஞ்சு கனம்தான்.

ரேணு


5 மார்ச் 2025

ரேணு,

அந்த உருண்டையைத் திரும்ப வாங்கு. எப்படியாவது வாங்கு. அழுக்கு விழுந்துவிட்டது என்று சொல். பூச்சி என்று சொல். இரவல் கொடுத்ததாகச் சொல். வாங்கிக் குப்பையில் போடு.

அதற்குள் செப்புத் தகடு இருக்கிறது. சுருட்டி உள்ளே வைத்துப் புளியால் மூடினேன்.

உன் முதல் கடிதத்தைப் படித்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மருந்து பாட்டில், நாத்தனார் பார்வை, போனைப் பிடுங்கியது, எல்லாம். வேடியப்பன் கோயிலுக்குப் போனேன். கருப்பன் பூசாரி எல்லாம் கேட்டுவிட்டு, 'இன்னாப்பா இவ்ளோ நாள் சும்மா கீறே? வாய்க்கட்டுத் தகடு எழுதித் தர்றேன். அவளுக்குத் தீங்கு பேசற வாயி கட்டிக்கும்' என்றார். கட்டம் போட்டு எழுத்து எழுதினார். நடுவில் உன் பெயர். அந்த வீட்டின் பெயர் கேட்டார். எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையின் பெயர்தான் தெரியும், உன் கடிதத்தில் இருந்தது. அதைச் சொன்னேன். அதையும் எழுதிவிட்டார்.

'அவளுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா பலிக்காது' என்றார். விமானத்தில் பிடித்துவிடுவார்கள் என்று புளிக்குள் வைத்தேன்.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அருள்மணி ஜீப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் வண்டியை எடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார். இதை அவசரமாக எழுதுகிறேன். முனீர் பாயிடம் சொல்லி உடனே காட்டச் சொல்கிறேன்.

வாங்கு ரேணு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஜீவா


8 மார்ச் 2025

அன்புள்ள கணவருக்கு,

நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் இன்றுதான் என் கண்ணில் பட்டன. முனீர் பாய் திரும்பி வந்த அன்று என் தாளைப் படம் எடுக்க மட்டும்தான் அவருக்கு நேரம் இருந்தது. இன்றைக்குத் துணி துவைக்கும் அறையின் ஜன்னல் கம்பிக்கு வெளியே போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே இருந்து படித்தேன். உள்ளே என்றால், வெளியில் பூட்டியிருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முந்தாநாள் மத்தியானம் நாத்தனார் சமையலறையில் அந்த உருண்டையைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்தாள். கையில் தகடு தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தாள். கட்டம், கட்டத்துக்குள் தமிழ் எழுத்து. அவள் கத்திய கத்தலில் நான் கையில் இருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டேன். ஸிஹ்ர், ஸிஹ்ர் என்று கத்தினாள். அந்தச் சொல்லை முன்பே இங்கே கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு எத்தியோப்பியாப் பெண்ணை ஒருநாள் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள், அன்றைக்கு எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். சூனியம்.

அதற்குள் லுல்வா வாந்தி எடுத்தாள். புளித்தண்ணீர் இல்லை, அதை அவள் தொடவே இல்லை. ஆனால் இப்போது அதை யாரிடம் சொல்வது?

என் பையைக் கொட்டினார்கள். நான் எழுதிப் பழகிய தாள்கள் எல்லாம் தரையில். லுல்வா, லுல்வா, லுல்வா என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். லாமுக்கு மேலே சுழி, அடுத்த லாமுக்கு வட்டம், வாவுக்கு மேலே கோடு. பக்கத்தில் தமிழிலும் எழுதியிருந்தேன், சத்தம் மறந்துவிடக் கூடாது என்று. குழந்தையின் பெயரைத் தாள் முழுக்கக் கிறுக்கினவள், புளிக்குள் தகடு வைத்தவள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் பயப்படுவேன். மேடம் கத்தவில்லை. மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். 

அந்தத் தகட்டில் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? கீதாவின் பெயரை யாராவது அப்படி எழுதியிருந்தால் அரிவாளை எடுத்திருக்க மாட்டீர்களா?

உங்களை நீங்கள் என்று எழுதுகிறேன், பார்த்தீர்களா. மரியாதைக்கு இல்லை.

போலீஸ் வரப் போகிறதாம். ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று நாத்தனார் சொன்னதாகப் பாய் சொன்னார். சொல்லும்போது பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளில் என்ன இருக்கும் என்று கேட்டேன். 'அது குறி இல்லாத எழுத்தும்மா, எனக்கும் தெரியாது' என்றார்.

மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யாருடைய துணியோ. வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து சுவரோரம் போய் நிற்கிறேன். லுல்வாவின் பாடத்தாள் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். முன்பக்கத்தில் அவள் ஒட்டகம் வரைந்திருக்கிறாள்.

போட்டுவிடட்டுமா? வீட்டுக்கு வந்துவிடட்டுமா?

ரேணுகாதேவி


11 மார்ச் 2025

ரேணு,

போடாதே.

திட்டு, அடி, எத்தனை நீங்கள் வேண்டுமானாலும் போடு. கையெழுத்து மட்டும் போடாதே.

உன்னிடம் நான் முழுசாகச் சொன்னதில்லை. ஆந்திராவில் என்னைப் பிடித்தபோது நான் கோடாலி தூக்கவே இல்லை. லாரியில் இருந்து இறங்கி மூத்திரம் போக ஒதுங்கினேன், அங்கேயே பிடித்தார்கள். ஸ்டேஷனில் ஒரு தாள் கொடுத்தார்கள். தெலுங்கு. எல்லாம் ஜாங்கிரி ஜாங்கிரியாக இருந்தது. 'சந்தகம் பெட்டு, இண்ட்டிக்கி போ' என்றார்கள். வீட்டுக்குப் போ என்ற ஒரு வார்த்தைதான் எனக்குக் காதில் விழுந்தது. போட்டேன். நான் மரம் வெட்டினேன், கல்லால் அடித்தேன், இன்னும் என்னென்னவோ நானே சொன்னதாக அதில் இருந்ததாம். ஜாமீன் எடுத்த வக்கீல் படித்துக் காட்டினபோதுதான் தெரியும். இன்னும் வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அந்தக் கையெழுத்தால்தான் நீ அங்கே இருக்கிறாய்.

எந்தப் பாஷைத் தாளாக இருந்தாலும் அதில் இருப்பது உனக்குத் தெரியாமல் போடாதே. குறி போட்டுத் தரச் சொல். குறி போட்டால் படிப்பேன் என்று எழுதினாயே. சத்தமாகப் படி. உனக்குத் தெரிந்த சொல் ஏதாவது காதில் விழும். படிக்காதே, கண்ணில் விழாதே என்று நான்தான் எழுதினேன். அதை மறந்துவிடு.

பூசாரியிடம் போனேன். 'தகட்ட அவுத்து வுடுங்க சாமி' என்று அழுதேன். 'தண்ணியில கரைஞ்சிடுச்சி இல்ல, இனிமே அது வேடியப்பன் பொறுப்பு' என்றார். சட்டையைப் பிடித்துவிட்டேன். அருள்மணிதான் விலக்கி விட்டார். அப்புறம் அவரே திருப்பத்தூர் கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போனார். மனு வாங்கிக்கொண்டார்கள். தூதரகத்துக்கு மெயில் அனுப்பிவிட்டோம் என்று ஒரு அம்மா சொன்னார். நல்ல மாதிரி பேசினார்.

பயமாக இருக்கிறது ரேணு. கீதா கேட்கிறாள், 'அம்மா போன்ல ஏம்ப்பா வர மாட்டேங்குது' என்று. டவர் இல்லை என்கிறேன். அவள் என்னைக் கூட்டிக்கொண்டு டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். நானும் உட்காருகிறேன். என்ன சொல்லி இறக்குவது?

ஜீவா


16 மார்ச் 2025

மாமா,

நான் கையெழுத்துப் போடவில்லை.

இப்போது தூதரகத்தின் விடுதியில் இருக்கிறேன். கட்டில் இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. என்னைப் போலப் பெண்கள் நிறையப் பேர். இந்தத் தாளை அவர்களில் ஒருத்தி படம் பிடித்து அருள்மணி அண்ணனுக்கு அனுப்புவாள். நீ கொடுத்த மனு இவர்களிடம் வந்திருந்தது. என் பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார்கள். அதனால் நீ என்று எழுதுகிறேன்.

அன்றைக்கு மத்தியானம் பூட்டைத் திறந்து கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். போலீஸ்காரர் ஒருவர், வயதானவர், நோன்பில் வாய் உலர்ந்து உட்கார்ந்திருந்தார். நாத்தனார் நின்றிருந்தாள். மேடம் சோபாவின் ஓரத்தில் இருந்தாள். லுல்வா அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள், கண் திறந்திருந்தது. முனீர் பாய் வாசலிலேயே நிறுத்தப்பட்டிருந்தார். போலீஸ்காரர் தாளைத் தள்ளி, பேனாவை வைத்தார். கட்டெறும்பு வரிசை மாதிரி எழுத்து. ஒரு குறி கூட இல்லை.

 நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன் மாமா. உன் கடிதத்தை அன்று காலையில்தான் பாய் காட்டியிருந்தார். தெரிந்த அரபியில் சொன்னேன்: 'நான் படிக்கணும். ஹரகத் இல்லாமல் எனக்குத் தெரியாது. ஹரகத் போடுங்கள்.' குறிகளுக்கு அதுதான் பெயர்.

நாத்தனார் சிரித்துவிட்டுக் கத்தினாள். வேலைக்காரி, நேரத்தைக் கடத்துகிறாள் என்று இருக்கும். போலீஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது லுல்வா தலையைத் தூக்காமலே சொன்னாள், 'மாமா, ரீனூவுக்குப் படிக்கத் தெரியும். நான் சொல்லிக்கொடுத்தேன்.' அவள் தன் அம்மாவை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

மேடம் எழுந்து வந்து தாளை எடுத்துக்கொண்டாள். ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது. மகள் சொல்லைத் தட்ட முடியாமல் இருக்கலாம். சீக்கிரம் முடியட்டும் என்று இருக்கலாம். பேனாவைத் திறந்து குறி போட ஆரம்பித்தாள்.

பெரியவர்கள் குறி போடுவதே இல்லை என்று சொன்னேனே. அவளுக்குக் கை பழகவில்லை. ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்துத்தான் கோடு மேலா, கீழா என்று அவளால் போட முடிந்தது. அந்தத் தாள் நான் பேசுகிற மாதிரி எழுதியிருந்தது மாமா. 'அனா' என்றால் நான். மேடம் 'அனா' என்றாள், கோடு போட்டாள். மறுபடி 'அனா' என்றாள். நான் செய்தேன், நான் வைத்தேன் என்று என் குற்றத்தை அவள் வாயே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் அவள் அந்தத் தாளைப் படித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். நாத்தனார்தான் பார்த்துக்கொண்டாள். பாதிக்கு மேல் மேடத்தின் குரல் நின்றுவிட்டது. கை மட்டும் போனது. கடைசி வரிக்கு அவள் குறி போடவில்லை. அப்படியே என்னிடம் நீட்டினாள்.

நான் விரலை வைத்துப் படித்தேன். சத்தமாக, எழுத்தெழுத்தாக, லுல்வா படிப்பது போலவே. முக்கால்வாசிச் சொல் எனக்கு விளங்கவில்லை. தொண்டையில் இருந்து வர வேண்டிய எழுத்தெல்லாம் பல்லில் இருந்து வந்தது. ஆனால் சில சொற்கள் என் காதில் விழுந்தன. நான், ரீனூகா. லுல்வா. தண்ணீர். அப்புறம் ஸீனுக்குக் கீழே ஒரு கோடு, ஹாவுக்கு மேலே ஒரு வட்டம், ரா.  கண்ணால் பார்த்ததே இல்லாத அந்தச் சொல்லை என் வாயே சொன்னது. ஸிஹ்ர்.

தாளைக் கீழே வைத்தேன். 'லா' என்றேன். இல்லை. 'அனா லா. நான் இதைச் சொல்லவில்லை.' எனக்குத் தெரிந்ததே அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். 

போலீஸ்காரர் மேடத்தைப் பார்த்துக் கேட்டார். உங்கள் முன்னால் இவள் இதைச் சொன்னாளா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். நாத்தனார் முந்திக்கொண்டு பேசினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மேடம் லுல்வாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் நான் கும்பிட்ட சாமிக்கெல்லாம் கணக்கே இல்லை. அப்புறம் அவள், 'லா' என்றாள்.

அவ்வளவுதான். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தகட்டைப் பற்றி என்னைக் கேட்டார். என் புருஷன் எனக்காகப் பயந்து அனுப்பினது என்றேன், பாய் வாசலில் இருந்தே மொழிபெயர்த்துச் சொன்னார். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குத் தாயத்து கட்டுகிற மாதிரி என்றும் சொன்னார். போலீஸ்காரர் பெருமூச்சு விட்டார். வழக்கு வேண்டாம், இவளைத் தூதரகத்தில் விட்டுவிடுங்கள், தகட்டை நானே எடுத்துப் போகிறேன் என்றார்.

தப்பித்துவிட்டேன் என்று நீ சந்தோஷப்படுவாய். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பையை எடுக்கப் போனேன். மேடம் என் பின்னாலேயே வந்தாள். துணி அறையில் அவளும் நானும் மட்டும். அடிக்கத்தான் வருகிறாள் என்று முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவள் கை பனிக்கட்டியாக இருந்தது. மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

'நீ இல்லை என்றால், பிறகு என் மகளுக்கு என்ன?'

மாமா, அவளுக்கு அந்தத் தகடு வேண்டியிருந்தது. நான் வேண்டியிருந்தது. நான்தான் என்று இருந்தால் என்னை அனுப்பியதும் பிள்ளை சாப்பிட்டுவிடும், எழுந்து ஓடும். அதைத்தான் அவள் அந்த 'லா'வில் விட்டுக்கொடுத்தாள்.  அவள் என் மணிக்கட்டை விடவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அப்புறம் பாய் ஹாரன் அடித்தார்.

லுல்வாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்களாம். பாய் செய்தி சொல்வதாகச் சொன்னார், இன்னும் சொல்லவில்லை. எனக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது, வெள்ளிக்கிழமை சென்னை. நீ வா, கீதாவையும் கூட்டி வா. ஆனால் பாய் போன் எடுக்கவில்லை மாமா. லுல்வா எப்படி இருக்கிறாள் என்று கேட்கக் காலையில் இருந்து விடுதிப் போனில் அடிக்கிறேன், எடுக்கவே இல்லை.

ரேணு